நாலு பேருக்கு ஒரு துண்டு

அங்க ஆள் வருதுங்க. துண்டு போட்டிருக்குது பாருங்க.

கோவமெல்லாம் இல்லீங்க. ஆள் வருதுன்னு சொன்னேன், அவ்வளவுதான். சரி, ஒண்ணு பண்ணுங்க. ரயிலு கெளம்பற வரைக்கும் அந்த ஓரத்துல உக்காருங்க. அவங்க வந்துட்டா எந்திரிச்சுக்கோணும், முன்னாடியே சொல்லிப்புட்டேன். துண்ட எடுக்க வேண்டாம், கொஞ்சம் மடிச்சு விட்டுட்டு உக்காருங்க. ஆங், அப்படித்தான். ஜன்னலோரம் மட்டும் வேண்டாமுங்க, அது வேற ஆளுக்கு.

எதுவரைக்கும் போறீங்க? திருப்பூருங்களா. நான் ஊத்துக்குளி. இருவத்திரண்டு வருசமா இதே வண்டிதான். காலைல கோயமுத்தூரு வர்றது, பொழுதோட திரும்பறது. மோட்டார் பம்பு கம்பெனியில ஸ்டோர் கீப்பருங்க. எம் பேரு சென்னியப்பன். எங் கையெழுத்து இல்லாம அங்க ஒரு நட்டு வெளிய போவாது. மொதலாளி மகனே ஒருக்கா வந்து அவசரமா ஒரு பேரிங்கு குடுங்கன்னாரு. தாள்ல எழுதிட்டு வாங்க தம்பீன்னு திருப்பி அனுப்பிட்டேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. அதனாலயே எனக்கு அங்க யாரும் டீ வாங்கித் தர மாட்டாங்க. தராட்டிப் போகட்டும்.

நீங்க சீட்டாடுவீங்களா? கழுதை தெரியுமா?

சிரிக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும் அப்படித்தான், சின்னப் பசங்க ஆட்டம்னு சிரிப்பாங்க. ரம்மியெல்லாம் கைக்கு வர்ற சீட்டப் பொறுத்ததுங்க. கழுதைக்கு மூள வேணும். அம்பத்திரண்டு சீட்டையும் நாலு பேருக்குப் போட்டுர்றது. ஒருத்தர் ஸ்பேடு எறக்குனா மத்தவங்களும் வரிசையா ஸ்பேடு எறக்கோணும். எல்லாரும் எறக்கிட்டா அந்தச் சீட்டுக ஓரமாப் போயிரும், தொந்தரவு இல்ல. ஆனாக்க கைல ஸ்பேடு இல்லாதவன் வேற எதையாச்சும் போட்டு வெட்டுவான். வெட்டுனதும் அங்கியே நிறுத்திரோணும். அதுவரைக்கும் எறங்குனதுல பெரிய சீட்டு யாரோடதோ, அவன் அத்தனையும் அள்ளிக்கிட்டு மறுக்கா எறக்கோணும். கை காலியானவன் தப்பிச்சான். கடசீல சீட்டோட உக்காந்திருக்கறவன் கழுதை. இதுல யாருகிட்ட எது இல்லைங்கறத மனசுல வெச்சுக்கறதுதான் வித்தை. எனக்கு அது தண்ணிபட்ட பாடு. பத்தாயிரம் சாமான் எந்த அலமாரில இருக்குதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்றவனுக்கு அம்பத்திரண்டு சீட்டு எம்மாத்திரம்?

காலைல வர்றப்ப ஆடுவோமுங்க, நாலு பேரு. எதுத்தெதுக்க ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து, இந்தத் துண்ட மடிக்கு மடி விரிச்சு, நாலு மூலையையும் நாலு பேரு தொடைக்கு அடியில சொருகிக்குவோம். அதுதான் மேசை. ஒருத்தர் எந்திரிச்சாலும் சீட்டெல்லாம் கீழ போயிரும். அதனால திருப்பூரு தாண்டிட்டா ஒருத்தரும் அசைய மாட்டோம்.

காசு வெச்செல்லாம் ஆடறதில்லீங்க. காலைல யாரு கழுதையோ, அவரு சாயங்காலம் முன்னாடியே ஸ்டேஷனுக்கு வந்து நாலு பேருக்கும் எடம் புடிக்கோணும். அதுதான் தண்டனை. இந்த வண்டில எடம் புடிக்கறது லேசில்லைன்னு நீங்களே பாத்தீங்க. காலி வண்டி உள்ள வர்றப்பவே கூட ஓடோணும். ஓடிட்டே ஜன்னல் கம்பி வழியாத் துண்ட வீசோணும், அப்பறம் கூட்டத்துல முண்டி ஏறோணும். துண்டு ரெண்டு எடத்துக்கு, டிபன் பை ஒரு எடத்துக்கு, நம்ம ஒடம்பு ஒரு எடத்துக்கு. அந்தச் சட்டம் போட்டது நாந்தான். கழுதை யாரோ அவருதான் போகோணும், மாத்தாள் அனுப்பக்கூடாது. அதுவும் நான் போட்டதுதான்.

கெளம்பிருச்சுங்களா? ஆமா, கெளம்பிருச்சு. நீங்க உக்காருங்க, உக்காருங்க. அவங்க சில நாளு பீளமேட்டுல ஏறுவாங்க.

யாருன்னு சொல்லலியா? அர்த்தநாரி, பெருந்துறைக்காரரு. ரிஜிஸ்டர் ஆபீசு வாசல்ல உக்காந்து பத்திரம் எழுதறவரு. அடுத்தது ஞானப்பிரகாசம், திருப்பூரு. தொழிற்பயிற்சிப் பள்ளிக்கூடத்துல வெல்டிங் வாத்தியாரு. அளந்துதான் பேசுவாரு. மூணாவது நாச்சிமுத்து, விசயமங்கலம். ஒரு அச்சாபீசுல அட்டை போடறவரு. நல்ல மனுசனுங்க. தோத்தாலும் சிரிப்பாரு, செயிச்சாலும் சிரிப்பாரு. அந்தச் சிரிப்பப் பாத்து அவரு கைல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிக்கவே முடியாது.

நாலு பேரும் சேந்தா பொட்டியே நம்மளத்தான் பாக்கும். பேச்சு பூரா என்னுதுதான். சும்மா ஆடுனா ஆட்டமாகுமுங்களா, நாலு வார்த்தை போட்டு ஆடோணும். ஒருக்கா பாருங்க, அர்த்தநாரியோட மக மாப்பிள ஊட்ல சண்ட போட்டுக்கிட்டு பொறந்த ஊட்டுக்கே வந்துருச்சு. எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னாரு, பிளாட்பாரத்துல வெச்சு, யாருக்கும் தெரிய வேண்டாமுன்னு. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. மக்யா நாளே, விடிஞ்சதும் நடந்த ஆட்டத்துல அர்த்தநாரி ஆர்ட்டின் ராணிய எறக்குனாரு. ஞானப்பிரகாசம் வெட்டிட்டாரு. ராணி மறுக்கா அர்த்தநாரி கைக்கே வந்துருச்சு. எனக்கு வாய் சும்மா இருக்குதா? "ஏனுங்க அர்த்தநாரி, வெளிய அனுப்புன ராணி ஒரே நாள்ல ஊட்டுக்குத் திரும்பிருச்சே"ன்னேன். பொட்டியே சிரிச்சுதுங்க! எதுத்த சீட்டுல இருந்த காய்கறிக்காரம்மா சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போச்சு. அர்த்தநாரியும் சிரிச்சாரு. சிரிச்ச மாதிரிதான் இருந்துது. சாயங்காலம் திரும்பி ஊத்துக்குளி வந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கல.

ஊட்ல போய் யாருகிட்டச் சொல்றதுன்னுதான் இல்ல. சம்சாரம் மகன்கூட ஓசூர்ல இருக்குது. பேரப் புள்ளையப் பாத்துக்க ரெண்டு மாசத்துக்குன்னு போச்சு, அஞ்சு வருசமாச்சு. எனக்கென்ன, சோறு ஆக்கிக்கத் தெரியும். ரயிலுக்கு ரயிலு பேச ஆளிருந்துது.

இது பீளமேடு. ஏறறாங்களான்னு பாக்கறேன், இருங்க.

இல்ல. கூட்டம் இல்லாத பொட்டியாப் பாத்து ஏறியிருப்பாங்க.

விசயத்துக்கு வர்றேன். போன சித்திரையில நாச்சிமுத்து பத்துப் பன்னண்டு நாளு வரல. அப்பறம் வந்தாரு, ஆளே பாதியாகிப் போயிட்டாரு. என்னங்கன்னு கேட்டா மஞ்சக்காமாலைன்னாரு. "எமன் வாசல் வரைக்கும் போயிட்டு எடமில்லைன்னு திரும்பிட்டீங்களாட்ட இருக்குது"ன்னேன். அதுக்கும் சிரிச்சாரு. மத்த ரெண்டு பேரும் சிரிக்கல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

அதுக்கப்பறம் ஆட்டமே மாறிப்போச்சுங்க. எப்படிக் கண்டுபுடிச்சேன்னா, ஒரு நாளு நாச்சிமுத்து கிளாவர் ராஜாவ எறக்கிட்டாரு. எனக்குக் கிளாவர் இல்ல, வெட்டப் போறேன். எனக்கு முன்னாடி ஞானப்பிரகாசம் கை. அவரு கைல சின்னக் கிளாவர் இருந்துது. மூணாம் நம்பர், நான் பாத்து வெச்சிருந்தேன். அத எறக்கிட்டு சிவனேன்னு இருந்திருக்கலாம். அந்த மனுசன் ஏஸ எடுத்துப் போட்டாருங்க! நான் வெட்டுனதும் அத்தனையும் அவரு தலைல விழுந்துச்சு. வேணுமுன்னே வாங்கிக்கறாரு. உலகத்துல எவனாச்சும் கழுதை ஆட்டத்துல வேணுமுன்னு அள்ளிக்குவானா?

அன்னிக்கிருந்து கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாத்தேன். நாச்சிமுத்து கை கனத்தா அர்த்தநாரி வாங்கிக்கறாரு. அர்த்தநாரிக்கு முடியலைன்னா ஞானப்பிரகாசம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை இல்ல, கண்ணாலயே பேசிக்கறாங்க. நாப்பது நாளு குறிச்சு வெச்சேனுங்க, கேலண்டர்ல. நெசமாலுமே. அந்த நாப்பது நாள்ல நாச்சிமுத்து ஒருக்காக்கூட கழுதை ஆகல. அர்த்தநாரி பதினாலு, ஞானப்பிரகாசம் பதிமூணு, நான் பதிமூணு. நாலு பேரு ஆட்டத்துல ஆளுக்குப் பத்து வரோணுமா இல்லியா? என் பங்குக்கு மேல மூணு நாளு, துண்டத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கேன். மூணு நாளு! இது கூட்டுச் சதி இல்லாம என்னங்க?

ஒண்ணு கேக்கறேன். நீங்க ஆடற எடத்துல மூணு பேரு ஒண்ணு சேந்துட்டா என்ன பண்ணுவீங்க? சண்ட போடுவீங்களா? எந்திரிச்சுப் போயிருவீங்களா? அதுதான் தப்பு. சண்ட போட்டா ஆட்டம் நின்னுரும். எந்திரிச்சுப் போனா அவங்க செயிச்ச மாதிரி. தெரிஞ்சதாவே காட்டிக்கப்படாது. மூணு பேரையும் அடிக்கப் போனா நம்ம கைதான் ஓயும். அவங்க யாரக் காப்பாத்தறாங்கன்னு பாருங்க. கூட்டுன்னு ஒண்ணு இருந்தா அதுல காப்பாத்தற ஆளுன்னு ஒருத்தன் இருப்பான். மத்தவங்க பெரிய சீட்டெல்லாம் அவனுக்காகச் செலவாகும். அவனப் புடிச்சா கூட்டே கலைஞ்சு போவும். யாரும் சொல்லிக் குடுத்ததில்லீங்க, நானாக் கண்டுபுடிச்சது.

அம்மா, அந்தக் கூடைய மேல வெச்சுக்குங்க, காலு வெக்க எடமில்ல பாருங்க.

ஆங். எப்படிப் புடிக்கறது? அதுக்கு உக்கார்ற எடம் முக்கியம். நாச்சிமுத்து எறக்குனதும் அடுத்த கை அவங்க ரெண்டு பேருல ஒருத்தரோடதா இருந்துது. அவங்க பெரிசாப் போட்டு அவரக் காப்பாத்திட்டு இருந்தாங்க. அடுத்த கை என்னுதா இருந்தா? அவரு எறக்குனதும் நான் வெட்டிர்றேன். வெட்டுனா அங்கியே நிறுத்திரோணும், சொன்னனில்ல? காப்பாத்த வர்ற கைக்கு வழியே இல்ல. அவரு எறக்குனது அவரு கைக்கே போவும், எஞ் சீட்டையும் சேத்து.

ஆனாக்க அந்த எடத்துக்குப் போகோணும்னா நான் ஜன்னல விடோணும். இருவது வருசமா ஜன்னலோரம் என்னுது. விட்டேனுங்க! கழுத்துப் புடிச்சுக்கிச்சு, காத்து ஆகலைன்னு ஒரு பொய்யச் சொல்லி அர்த்தநாரிய ஜன்னலுக்கு அனுப்பிட்டு நாச்சிமுத்துவுக்கு அடுத்து உக்காந்தேன். பாவம், நெசம்னு நெனச்சு நாச்சிமுத்து அவரு மப்ளர எடுத்துக் குடுத்தாரு. அதச் சுத்திக்கிட்டுத்தான் ஆடுனேன்.

அன்னிக்கு ஆடுன ஆட்டம் மாதிரி என் ஆயுசுல ஆடுனதில்ல. மொதல்ல ஏஸு, ராஜா எல்லாத்தையும் எல்லாரு கைலயும் எல்லா இனச் சீட்டும் இருக்கறப்பவே தள்ளிட்டேன். அப்பறம் எங் கைல டைமண்டக் காலி பண்ணுனேன், ஆர்ட்டினக் காலி பண்ணுனேன். சிங்காநல்லூரு வர்றப்ப நாச்சிமுத்து டைமண்டு எறக்குனாரு, வெட்டு. ஆர்ட்டின் எறக்குனாரு, வெட்டு. அவரு எறக்கறாரு, நான் வெட்டறேன், அவரு எறக்கறாரு, நான் வெட்டறேன். அந்தப் பக்கம் ரெண்டு பேரும் கைய வெச்சுக்கிட்டுப் பாக்கறாங்க, ஒண்ணும் பண்ண முடியல. ஞானப்பிரகாசத்துக்கு மூஞ்சி வேர்த்துப் போச்சு. கடசீல நாச்சிமுத்து கைல பதினேழு சீட்டு. நாப்பத்தியோராவது நாளு, நாச்சிமுத்து கழுதை!

நான் துண்ட ஒதறி அவரு தோள்ல போட்டேன். "இந்தாங்க, இன்னிக்கு ஓடற பாக்கியம் உங்களுக்கு"ன்னேன்.

அர்த்தநாரி ஒடனே, "அவரு வேண்டாமுங்க, நான் போய்க்கறேன், எனக்கு இன்னிக்கு வேல கம்மி"ங்கறாரு. ஞானப்பிரகாசம், "நான் சீக்கிரம் வந்துருவேன், நான் புடிக்கறேன்"ங்கறாரு. பாத்தீங்களா கூட்ட? எனக்கு வந்த கோவத்துக்கு, "அதெப்படிங்க? நான் பதிமூணு நாளு ஓடுனப்ப எவனாச்சும் வந்தீங்களா? மாத்தாள் கெடையாது. சட்டம் சட்டந்தான்"னேன். அர்த்தநாரி என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு. நாச்சிமுத்து அவரு கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. "இல்லீங்க, நானே போறேன். நல்லா ஆடுனாருங்க சென்னியப்பண்ணன். நாளாச்சு எடம் புடிச்சு, எனக்கும் ஆசையா இருக்குது"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாருங்க. அந்த வார்த்தைய நீங்க மறக்காம வெச்சுக்குங்க. ஆசையா இருக்குதுன்னு அவரேதான் சொன்னாரு.

இருகூருங்களா இது? இங்க சித்த நேரம் நிக்கும்.

அன்னிக்குச் சாயங்காலம் நான் ராஜா மாதிரி வந்தேன். வெளிய நின்னு ஒரு உளுந்து வடை, ஒரு டீ. மெதுவா நடந்து வந்தேன். வந்து பாத்தா எடம் போட்டிருக்குது, கனகச்சிதமா. துண்டு இங்க, டிபன் பை அங்க. அர்த்தநாரியும் ஞானப்பிரகாசமும் எனக்கு முன்னாடியே வந்து எதுத்தாப்புல உக்காந்திருந்தாங்க. பத்திரத்தப் பாதியில வெச்சுட்டு அர்த்தநாரி ஓடியாந்திருக்காரு, நாச்சிமுத்துவுக்கு முன்னாடி வந்து எடம் புடிச்சுரலாமுன்னு. அவரு வர்றதுக்குள்ள நாச்சிமுத்து வண்டிகூட ஓடித் துண்ட வீசி ஏறிட்டாரு. ஜன்னல எனக்கு வெச்சிருந்தாருங்க. "உங்க ஜன்னலு, கழுத்துக்குக் காத்து ஆகாட்டி கதவ எறக்கிக்குங்க"ன்னாரு. மூச்சு வாங்குச்சு. சட்ட முதுகோட ஒட்டிக் கெடந்துது. அறுவது வயசுல ஓடுனா யாருக்கும் மூச்சு வாங்கத்தானுங்க செய்யும்?

வண்டி கெளம்புச்சு. நான் காலைல ஆடுன ஆட்டத்த எடுத்து உட்டேன். எந்தச் சீட்டுக்கு எது, எங்க மடக்குனேன், எல்லாம். இந்த இருகூரு தாண்டுனதும் நாச்சிமுத்து எந் தோள்ல சாஞ்சாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். பாவம், ஓடுன அலுப்புன்னு தோள அசைக்காம உக்காந்திருந்தேனுங்க. பேச்சக்கூட மெதுவாப் பேசுனேன். சோமனூரு வரைக்கும் அப்படியே இருந்தேன். எந் தோள்ல யாரும் சாஞ்சு ரொம்ப வருசமாச்சு, எனக்கு அது நல்லாத்தான் இருந்துது.

அர்த்தநாரிதான் பாத்துட்டு, "என்னங்க இவரு ஒதடு இப்படி இருக்குது"ன்னு கத்துனாரு.

திருப்பூர்ல எறக்குனோம். நாலு பேரு தூக்கறாப்புல இந்தத் துண்டுலயே வெச்சுத் தூக்குனோம். நாலு மூலைக்கு நாலு ஆளு. நாலாவது மூலைக்கு யாரோ ஒரு பையன், பேரு தெரியாது. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூணாம் நாளு போய்ச் சேந்துட்டாருங்க.

நெஞ்சுல வால்வு கெட்டிருந்திருக்குது. சித்திரைலயே டாக்டர் சொல்லியிருக்காரு. வேலைக்குப் போலாம், படி மெதுவா ஏறலாம், ஓடக்கூடாது, அவசரப்படக்கூடாதுன்னு. மஞ்சக்காமாலையெல்லாம் பொய். அச்சாபீசுல தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. மக கலியாணம் பாக்கி இருந்துது. இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொல்லியிருக்காரு.

எனக்குச் சொல்லல.

ஆஸ்பத்திரி நடையில நின்னுக்கிட்டு நான் கேட்டேனுங்க. "இருவது வருசமா ஒரே துண்டுக்கு உக்காந்திருக்கறோம். ரெண்டு பேருக்குச் சொன்னத மூணாவது ஆளுக்குச் சொன்னா என்ன? எங்கிட்ட ஏன் சொல்லல?" அர்த்தநாரி என்னையப் பாக்கவேயில்ல. செவுத்தப் பாத்துட்டே, "உங்ககிட்டச் சொன்னா மக்யா நாளு பொட்டி பூராத்துக்கும் தெரியுமுங்க"ன்னாரு. நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். "ராணின்னு ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? அன்னிக்கு எம் மக நடைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலோரத்துல உக்காந்திருந்துச்சு. நாந்தான் தையல் வகுப்புல சேக்கக் கூட்டிட்டு வந்தேன்"னாரு.

நான் பாக்கலீங்க. சத்தியமா அந்தப் புள்ள அங்க இருந்தத நான் பாக்கல. பாத்திருந்தாலும்... ஆட்டத்துல பேசறது ஆட்டத்தோட போச்சு, அத ஒருத்தர் நாலு வருசமா மனசுல வெச்சிருப்பாரா? நீங்களே சொல்லுங்க. எல்லாருந்தான் சிரிச்சாங்க.

எங்கிட்டச் சொல்லியிருந்தா தெனமும் நானே தோத்திருப்பேனுங்க. நாப்பது நாளும் நானே கழுதையா இருந்திருப்பேன். இருந்திருப்பேன்னுதான் நெனைக்கறேன். எனக்குத் தெரியாமப் போச்சே! நான் ஆடுனதுல ஒரு எறக்கம் தப்புன்னு யாராச்சும் காட்டட்டும் பாக்கலாம். ராத்திரி படுத்தா அந்த ஆட்டத்தத்தான் மறுக்கா மறுக்கா ஆடிப் பாக்கறேன். ஒரு எடத்துல கூடத் தப்பில்ல. டைமண்டக் காலி பண்ணுனது சரி, எடம் மாத்துனது சரி. எல்லாம் சரியாத்தான் வருது. எப்படி ஆடுனாலும் கடசீல அவருதான் நிக்கறாரு.

சோமனூரு. காலத் தள்ளி வெச்சுக்குங்க, ஆளுக எறங்கறாங்க.

...

இப்ப ஆறு மாசமாச்சுங்க. அவங்க ரெண்டு பேரும் பின்னாடி எங்கியோ நாலாவது பொட்டியோ அஞ்சாவது பொட்டியோ, அதுல வர்றாங்க. காலைலயும் அப்படித்தான். சீட்டு ஆடறதில்லையாமா, பேப்பர் படிச்சுட்டு வர்றாங்களாமா. காய்கறிக்காரம்மா சொல்லுச்சு. கோவம்னா எத்தன நாளைக்குங்க இருக்கும்? ஒரு நாளு ஏறுவாங்க. ஏறறப்ப எடமில்லைன்னு திரும்பிரக் கூடாது பாருங்க. அதனால நான் தெனமும் அஞ்சு மணிக்கே கம்பெனியிலிருந்து கெளம்பிர்றேன். வண்டி உள்ள வர்றப்ப கூட ஓடி, துண்ட வீசி, நாலு எடமும் புடிச்சு வெச்சுர்றேன். ஸ்டோர்ல கேக்கறாங்க, என்னங்க, சட்டம் பேசறவரே நேரத்துக்கு முன்னாடி எந்திரிக்கறாருன்னு. கேக்கட்டும்.

என்னமோ சொல்லோணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். ஊட்ல போய்ச் செவுத்துகிட்டப் பேசறதுக்கு இது தேவலை. தனியா இருக்கறது ஒண்ணும் பெரிசில்லீங்க, பழகிரும். பேச வாய் வர்றப்ப எதுத்தாப்புல காலியா இருக்கறதுதான் ஒரு மாதிரியா இருக்குது.

இது திருப்பூரு. பைய எடுத்துக்குங்க, குடைய விட்டுறாதீங்க.

இருங்க, இருங்க. அதோ போறாரு பாருங்க, வெள்ளச் சட்ட, கைல ரெண்டு அடுக்கு தூக்கு. அவருதான் ஞானப்பிரகாசம். இந்த ஜன்னலத் தாண்டித்தான் வெளிய போகோணும், வேற வழி கெடையாது. தெனமும் தாண்டுவாரு. கூப்புடலாம். கூப்புட்டாத் திரும்புவாருங்க, மரியாதை தெரிஞ்ச மனுசன். திரும்பி, என்னங்கன்னு கேப்பாரு. அதுக்கப்பறம் நான் என்னன்னு சொல்றது?

போயிட்டாரு. போகட்டும்.

நீங்க எறங்குங்க, வண்டி ரெண்டு நிமிசந்தான். ஏனுங்க, நாளைக்கும் இதே வண்டிதானுங்களா? அப்படீன்னா அவசரப்பட்டு ஓடியாராதீங்க. படியில மெதுவா ஏறி, நின்னு நின்னு வாங்க. எடம் நான் போட்டு வெக்கறேன்.